ஒரு சொம்பு தண்ணி

மனு எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் இடது பக்கம் இரண்டு விரல் அகலம் ஓரம் விட்டுத்தான் தொடங்குவோம். கோப்பில் கட்டும்போது துளை போடுவார்கள். எழுத்தின் மேல் துளை விழுந்தால் மனுவே வீண். ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த இந்தக் காகிதத்திலும் அப்படியே விட்டிருக்கிறேன், மேடம். பின்னால் உங்களுக்கு வசதியாக இருக்கும்.

என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருஷமாகத் திருத்தணி தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் மேஜையும் போட்டு, மற்றவர்கள் வார்த்தையைத்தான் எழுதி வருகிறேன். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை. வருகிறவர்கள் அழுவார்கள், யாரையாவது ஏசுவார்கள், நடுவில் மருமகள் கதையைச் சொல்வார்கள். அதிலிருந்து அதிகாரிக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வரிசையாக வைப்பது என் வேலை. இதையும் வரிசையாகவே சொல்கிறேன். அழுகை எதுவும் இதில் இருக்காது. அதை வைத்து எனக்கு ஈவிரக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

என் பெயர் பிரபாவதி. வயது நாற்பத்தொன்பது. கணவர் கங்காதரன் இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அவர் என்னை அடிப்பார். கல்யாணமாகி நாலாவது வருஷம் ஒரு மத்தியான வேளை, இடுப்பு பெல்ட்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அப்போது வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. "அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடும்மா." கரும்பு வெட்டப் போய்வரும் தாயம்மாள். அதற்கு முன் நான் அவளோடு பேசியதுகூட இல்லை.

அவர் கை கீழே இறங்கியது. பெல்ட்டை மடித்துக் கட்டிலில் போட்டார். அவரே சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். வெளிமனுஷர்கள் முன்னால் அவர் தங்கமானவர். தாயம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். அரை மணி நேரம் ஆக்கினாள். மறுநாளும் அதே வேளைக்கு வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் நான் உயிரோடு இருந்தது அவளால்தான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் முகநூலில் ஒரு குழு தொடங்கினேன். தாயம்மாளை நினைத்து 'ஒரு சொம்பு தண்ணி' என்றே பெயர் வைத்தேன். பெண்கள் மட்டும். வீட்டில் அடி விழும் நிலை வந்தால் ஒரு பெண், பெயர் தெரியாதபடி, 'தாகம்' என்று ஒரே ஒரு சொல் போட வேண்டும். மற்றவர்களுக்குப் பெயர் தெரியாது. குழுவை நடத்துகிற எனக்கு மட்டும் தெரியும். நான் அந்தப் பதிவுக்கு அனுமதி கொடுத்து வெளியே விட்டு, அதன் கீழே, குழுவில் சேரும்போதே அவளிடம் கேட்டு வைத்திருந்த ஊர், தெரு, வீட்டு அடையாளம் எழுதுவேன். பக்கத்தில் இருக்கிற பெண்கள் நாலைந்து பேர் கைவேலையைப் போட்டுவிட்டு அந்த வாசலுக்குப் போய்த் தண்ணீர் கேட்பார்கள். சண்டை போடக் கூடாது. உள்ளே நுழையக் கூடாது. எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. குடிக்க வேண்டும், இன்னொரு சொம்பு கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆண்களுக்கு இது தெரியாமல் போகவில்லை. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் கேட்டு நின்றவளை விரட்டினான் என்ற பெயரை வாங்கிக்கொள்ள இந்தப் பக்கத்தில் எவனும் தயாராக இல்லை. ஒருமுறை திருவாலங்காட்டில் பதினொரு பெண்கள் ஒரே வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வீட்டுக்காரன் குடம் குடமாகத் தெருக்குழாயில் பிடித்து வந்து ஊற்றிக் களைத்துப் போய்த் தூங்கிவிட்டான். ஒரு வாரத்துக்கு எங்கள் குழுவில் அதே பேச்சு, அதே சிரிப்பு.

கழனி வேலைக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், காலை ரயிலில் சென்னைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் என்று ஆறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். சாதி கேட்காமல், ஊர் கேட்காமல் ஒருத்தி வாசலில் இன்னொருத்தி போய் நின்றாள். இந்த ஊரில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. எங்கு போனாலும் என்னை 'பிரபாக்கா' என்றார்கள். அதுவரை நான் ஜெராக்ஸ் கடைப் பொம்பளை.

எல்லாப் பதிவும் ஏன் என் கை வழியாகப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பெண் பெயரில் ஆண்கள் நுழைந்துவிடுவார்கள். ஒருவன் 'தாகம்' என்று போட்டு, வந்த பெண்களைப் படம் எடுத்துப் பரப்பினான். அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும்தானே. அது சரியான காரணம்தான். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

இன்னொரு விதியும் நான் போட்டதுதான். ஆபத்து வேளையில் யாருக்கும் போன் செய்யக் கூடாது. பேசினால் குரல் கேட்கும். யாரைக் கூப்பிட்டாள் என்பது போனில் தங்கிவிடும். பதிவு போட்டால் சத்தமும் இல்லை, தடயமும் இல்லை. பெண்கள் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

சினேகா எங்கள் குழுவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தேழு வயது. கே.ஜி.கண்டிகைப் பக்கம் நெசவுத் தெருவில் வீடு. முன்கூடத்தில் நாலு விசைத்தறி. கணவன் ஜெயப்பிரகாஷ் அவளுக்குத் தாய்மாமன் மகன். அதனால் பாவா என்றுதான் சொல்வாள், அவன் அடித்ததைச் சொல்லும்போதும். 'பாவா கரண்டியால அடிச்சாருக்கா' என்பாள், ஏதோ பாவா கரண்டி வாங்கி வந்தார் என்பதுபோல. அவள் முதல்முறை 'தாகம்' போட்டபோது நாலே நிமிஷத்தில் விட்டேன். இரண்டு தெரு தள்ளி இட்லிக் கடை வைத்திருக்கும் மணியம்மை மூன்று பேரோடு போய் நின்றாள். அவன் சொம்பு எடுக்க உள்ளே போன நேரத்தில் சினேகா வெளியே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் திருத்தணிக்குத் தையல் வகுப்புக்கு வருவாள். வகுப்பு முடிந்து என் கடையில் பேப்பர் கட்டுமேல் உட்கார்ந்துகொண்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பாள். எந்த ஊரில் யார் காலையில் வீட்டில் இருப்பார்கள், யார் கழனியில், யார் ரயிலில், யாருக்குக் கால்வலி, யார் ஓடுவார்கள் என்று நேரவாரியாகக் குறித்தாள். நான் ஆறு வருஷத்தில் செய்யாததை அவள் ஆறு மாதத்தில் செய்தாள். அவள் போனை ஜெயப்பிரகாஷ் தினமும் சோதிப்பான். ஒரு பெண்ணின் நம்பர்கூட அதில் வைத்துக்கொள்ள முடியாது. முகநூலில் 'மலர்' என்ற பெயரில் ஒளிந்து இருந்தாள். குழுவில் மலர் பேசிப் போட்ட ஒரு குரல் பதிவைச் சென்னையில் யாரோ எடுத்துத் தங்கள் முகநூல் பக்கத்தில் போட, அது ஊர் ஊராகப் போனது. என் கடைக்கு வரும் பெண்கள், "மலர் யாருக்கா? அவங்கள ஒரு தபா பாக்கணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எழுத்தில் வைக்க வேண்டியது என்பதால் வைக்கிறேன்.

அவளை எனக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. வகுப்பு நாளில் அவளுக்கென்று வேகவைத்த வேர்க்கடலை வாங்கி வைத்திருப்பேன். தோலை மேஜைமேலேயே போடுவாள். நான் திட்டுவேன். சிரிப்பாள்.

போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் கடலையைத் தொடவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, வள்ளிநாயகி அக்கா தாகம்னு போட்டது பதினொன்னு பத்துக்கு. அவங்க போன்லயே பாத்தேன். நீங்க விட்டது பன்னெண்டுக்கு."

மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது, கவனிக்கவில்லை என்றேன்.

"அந்த நேரத்துல மலர் பேருக்கு வடாம் பிழியற வீடியோ அனுப்பிகினு இருந்தீங்கக்கா."

வள்ளிநாயகி திருவாலங்காட்டுக்காரி. அந்த ஐம்பது நிமிஷத்தில் அவளுக்கு இடது காது போய்விட்டது. சினேகா அதைச் சொல்லவில்லை. கோபமாகவும் பேசவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா, சொல்லவும் மாட்டேன். நீங்க இல்லன்னா நானே இல்ல. ஆனா இந்த அனுமதி குடுக்கற வேலைய எடுத்துடலாம். பதிவு நேரா வெளிய வரட்டும். எந்நேரமும் நீங்களே முழிச்சிகினு கெடக்கணும்னா உங்களுக்கும் கஷ்டம்தானே?"

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், மேடம். வள்ளிநாயகி ஒருத்தி மட்டும் இல்லை. கடந்த மூன்று வருஷமாகவே நான் கொஞ்சம் காத்திருந்துதான் விடுவேன். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. நான் கவனித்து வைத்திருந்தது இதுதான். உடனே தண்ணீர் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண், அடுத்த வாரம் பஸ்ஸில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். யாராவது வருவார்களா, மாட்டார்களா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தவள் மட்டும்தான் கடையைத் தேடி வருவாள். என் கையைப் பிடித்தால் விட மாட்டாள். என் பிள்ளைக்குப் பெயர் வையுங்கள் என்பாள். வெல்லம் காய்ச்சுகிறவர்கள் பாகைச் சீக்கிரம் இறக்கினால் அச்சில் நிற்காது என்பார்கள். நானும் பதம் பார்த்துத்தான் இறக்கினேன். குழு கலையாமல் இத்தனை வருஷம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நன்றி இல்லாமல் எந்தக் கூட்டமும் நிற்காது.

இதை சினேகாவிடம் சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்காது. சின்னப் பெண். என்னைக் காட்டிக்கொடுக்காமல் எனக்கு ஒரு வழி விட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கங்காதரன் அடித்த அடிகளில்கூட நான் அவ்வளவு சிறுத்துப் போனதில்லை.

மலர் பெயரில் அவள் குழுவில் வாக்கெடுப்பு வைத்தாள். என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. 'பிரபாக்கா ஆறு வருஷமா தூங்கல, இனிமேலாவது தூங்கட்டும்' என்று எழுதியிருந்தாள். பத்தில் ஒன்பது பேர் அனுமதி வேண்டாம் என்றார்கள். நேசமாகத்தான் சொன்னார்கள், இருதயப் படம் எல்லாம் போட்டு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடியட்டும், மறுநாளே எடுத்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன். அப்படியே செய்யத்தான் நினைத்திருந்தேன்.

கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் குழுவின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். காலையிலிருந்து காவடி, மொட்டைத் தலையில் சந்தனம், அரோகரா சத்தம். நீங்களும் அன்று அங்கே பந்தோபஸ்தில் இருந்தீர்கள்; என் கையால் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தீர்கள், ஞாபகம் இருக்காது. சினேகா கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. வரவில்லை.

வராததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அன்று காலை தெருமுனை டீக்கடையில் எவனோ மலரின் குரல் பதிவைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, ஜெயப்பிரகாஷ் தன் பெண்டாட்டி குரலை அடையாளம் கண்டுகொண்டான். அந்தப் பதிவை அங்கே சேர்த்தது நான் இல்லை. செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்று நெட்வொர்க் இல்லை என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்பினார்கள். லட்சக்கணக்கில் ஜனம் திரண்டு ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு நின்ற நாள், எப்படிச் சந்தேகம் வரும். காலையில் இல்லாமல்தான் இருந்தது. ஒரு மணிக்கு மேல் நன்றாகவே வந்தது.

இரண்டு பத்துக்கு இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'தாகம்.' பெயர் மலர், அதாவது சினேகா. நான் செய்ய வேண்டியது விரலால் ஒரு இடத்தைத் தொடுவது. கீழே தெருப் பெயரை எழுதுவது. மணியம்மை அன்று பந்தலுக்கு வரவில்லை, கடையில்தான் இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். போனைத் திரும்பச் செருகினேன். பத்து நிமிஷம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நேராக வெளியே வரட்டும் என்றாளே, கதவு யார் கையில் இருக்கிறது என்று ஒரு பத்து நிமிஷம் தெரியட்டும். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக.

இரண்டு இருபத்தைந்துக்கு இன்னொன்று வந்தது. 'அக்கா நூல் ரூம்ல இருக்கேன். தாழ்ப்பாள் லூசா இருக்குது.' கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று வந்து நின்றது, வரிசையாக ஊற்றினேன். நாளைக்கு அவள் குழுவில் என்ன எழுதுவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அனுமதி பிரபாக்கா கையிலேயே இருக்கட்டும், நான் சொன்னது தப்பு என்று எழுதுவாள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகத் திருத்திப் பார்த்தேன். தொழில் பழக்கம்.

இரண்டு நாற்பதுக்கு மூன்றாவது வந்தது. 'அக்கா பாத்துட்டீங்களா?'

அப்போது விட்டுவிடலாம் என்று போனைத் திறந்தேன். உண்மை. திறந்த பிறகுதான் நேரம் கண்ணில் பட்டது. இப்போது விட்டால், அவள் போட்டது இரண்டு பத்து, நான் விட்டது இரண்டு நாற்பது என்று அதிலேயே நிற்கும். முப்பது நிமிஷம். அவள் நேரம் பார்க்கிறவள். வள்ளிநாயகி விஷயத்தையும் சேர்த்து இந்தமுறை எல்லோருக்கும் சொல்லிவிடுவாள். ஒரு நல்ல காரணம் கிடைக்கும்வரை விட முடியாது என்று பட்டது. நெட்வொர்க் என்ற காரணம் கிடைத்தபோது மூன்று மணி ஆகிவிட்டது. நாள் முழுக்க நெட்வொர்க் இல்லாதவள் மூன்று மணிக்கு எப்படி விடுவாள். அதனால் விடவே இல்லை. ஒரு கிழவி வெறும் கையை ஏந்தினாள். டம்ளர் வேண்டாம், கையிலேயே ஊற்று என்றாள். ஊற்றினேன்.

அவள் உயிர் போனது இரண்டே முக்காலுக்கும் மூன்றேகாலுக்கும் நடுவில் என்று டாக்டர் சொன்னதாகப் பேப்பரில் படித்தேன். பண்டிகை என்று தறிக்காரர்களுக்கு லீவு விட்டிருந்தான். அவனே நாலு தறியையும் ஓட விட்டிருக்கிறான், உள்ளே நடப்பது வெளியே கேட்காமல் இருக்க.

அவன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டான். உங்கள் வழக்கு முடிந்த மாதிரிதான். என்னைத் தேடி யாரும் வந்திருக்க மாட்டீர்கள். அவள் ஏன் போலீசைக் கூப்பிடவில்லை என்று நீங்கள் அப்போது வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் கடைசி நிமிஷம்வரை எங்களை நம்பிக்கொண்டிருந்தாள், மேடம். வேறு ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் அவளுக்காகப் பெண்கள் கூடினார்கள். நானூறு பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீரோடு. நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். மலர் யார் என்று தெரிந்ததும் ஆண்கள் சிலர் கள்ளப் பெயரில் நுழைந்து அவளைப் பற்றிக் கேவலமாக எழுதினார்கள். அதைப் பார்த்துப் பதறிப்போய், அனுமதி முறை அக்கா கையிலேயே இருக்கட்டும் என்று பெண்களே மறுபடி முடிவு செய்தார்கள். நான் கேட்கவில்லை.

அவளுடைய மூன்று பதிவும் இன்னும் காத்திருப்பில்தான் இருக்கின்றன. காலையில் போனைத் திறந்தால் மூன்று பதிவுகள் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கின்றன என்று வரும். வெளியே விடவும் முடியாது, நிராகரிக்கவும் முடியாது. நிராகரித்தால் போட்டவளுக்கு உடனே தகவல் போகும். அவள் போன் உங்கள் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் விரல் போகவில்லை. அதன் திரை ஒருவேளை ஒளிர்ந்துவிட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது நாலு தறி ஓடுகிற மாதிரி கேட்கிறது. ஐம்பது காப்பி, நூறு காப்பி என்று யாராவது கேட்டால் கரண்ட் இல்லை என்று அனுப்பிவிடுகிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தொண்டை காய்கிறது. சொம்பு சொம்பாகக் குடிக்கிறேன், வயிறுதான் நிறைகிறது. மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் கடை வாசலில் நின்று தண்ணீர் கேட்டால், கொடுக்கும் முன் அவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். பேப்பர் கட்டுமேல் யாரையும் உட்கார விடுவதில்லை.

நான் இங்கே வந்தது மணியம்மையால். போன வாரம் கடைக்கு வந்தாள். சினேகாவின் நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. விட்டுப்போன ஊர்களை எல்லாம் அவளே நடந்து போய் விசாரித்து எழுதி நிரப்பியிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு படித்தவள், எழுத்தெல்லாம் கோணல். எல்லா ஊருக்கும் ஒன்று கொடுக்க இருபது காப்பி வேண்டும் என்றாள். அவளிடம் கரண்ட் இல்லை என்று சொல்ல முடியவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெஷினை ஓட விட்டேன். அந்தச் சத்தத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"பண்டிகை அன்னிக்குத் தறி ஓடுதேன்னு எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்தது பிரபா. இட்லித் தட்டு கழுவிகினு இருந்தேன். ரெண்டு தெரு. செருப்புகூட மாட்டாம ஓடியிருப்பேன்."

நான் காப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவ கடைசியா உனக்கு எதுனா போட்டாளா?"

இல்லை என்றேன்.

"ஆங். போட்டிருக்க மாட்டா. போட்டிருந்தா நீ விட்டிருப்ப."

என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். காசு கொடுக்க வந்தாள், வாங்கவில்லை. அவள் போன பிறகும் மெஷினை நிறுத்தக் கை வரவில்லை. அது வெறும் தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆறு நாள் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாளான இன்று காலை நானாகவே இங்கே வந்தேன்.

ஆகவே ஒப்புக்கொள்வது என்னவென்றால்: சினேகா மூன்று முறை கேட்டாள். மூன்றையும் வந்த நிமிஷத்திலேயே நான் பார்த்தேன். நெட்வொர்க் இருந்தது. ஒரு விரலை எடுக்க நேரமும் இருந்தது, பக்கத்தில் ஊற்ற வேறு ஆட்களும் இருந்தார்கள். தெரிந்தேதான் விடவில்லை. அவளுக்கு முன் எத்தனை பேரைக் காக்க வைத்தேன் என்று கேட்டால் பதினேழு பேர் ஞாபகம் வருகிறது. பெயர்களைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இதற்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று தெரியவில்லை. அதற்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். எனக்கு இப்போது மனசு லேசாக இருக்கிறது. இனி ஒரு பெண்ணும் என்னால் காத்திருக்க மாட்டாள் என்ற நிம்மதி.

போனையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். நீங்கள் திறந்து பார்க்கும்போது காத்திருப்பில் மூன்றுக்குப் பதில் நான்கு இருக்கும், குழப்பம் வேண்டாம். நான்காவது அம்மு என்கிற பெண்ணுடையது, கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. நான் இரண்டாம் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது. இப்போது எட்டாம் பக்கம். எழுத்தைப் பாதியில் நிறுத்தினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அவள் வீட்டுக்காரன் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒருமுறை படித்துப் பிழை திருத்திவிட்டு, அவள் பதிவை வெளியே விட்டுவிடுகிறேன்.